மிச்ச டோக்கன்

ஞாயிறு.

சீ, சோறு இறங்கவில்லை.

துறைமுகக் கேட்டில் முப்பது வருடம் தொழிலாளர்கள் வரும் நேரத்தைக் குறித்தவன் நான். ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கல்மண்டபம் இலவசக் கண் முகாமில் டோக்கன் கொடுக்கிறேன். பத்து மணி ஆனதும் நிறுத்திவிடுவேன். அப்படி யாரும் சொல்லவில்லை; பழக்கம்.

இன்று பத்தே காலுக்கு நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு கிழவி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"டைம் முடிஞ்சிச்சு ஆயா. அடுத்த மாசம் வா."

"பஸ்ஸு லேட்டு நைனா. டாக்டரு உள்ள சும்மாதான குந்தினுகீறாருன்னு பொண்ணு சொல்லுது?"

"ரூலுன்னா ரூலுதான்."

"சம்பளம் இல்லாத வேலைக்கே இன்னா கெத்து!" என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தடவித் தடவிப் படியிறங்கினாள்.

வீட்டில் சட்டையைக் கழற்றினேன். பையில் பதினோரு டோக்கன் மிச்சம் இருந்தது.