செந்தலை மீனுக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

அன்பு மகள் இம்கேவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே லேயரில் நானும் உன் அம்மாவும் அவளுடைய நான்கு தொட்டி மீன்களும் உடம்புக்குச் சுகம், ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி யூலேயும் அப்படியே இருக்கவேண்டும். மனசுக்குச் சுகமா என்று மட்டும் கேட்காதே. உன் அம்மா கெசீனே என்னோடு பேசிப் பதினோரு நாள் ஆகிறது, தேநீர்கூட இரண்டு கோப்பையோடு நிறுத்திவிட்டு மூன்றாவது ஊற்றாமலே கெட்டிலை எடுத்துப் போகிறாள், மூன்று கோப்பை ஊற்றாவிட்டால் அது அவமதிப்பு என்று இந்த ஊரில் பிறந்த உனக்குத் தெரியும்.

தப்பு என்னுடையதுதான். யூலே பிறந்தபோது அம்மா ஆறு வாரம் உன்னோடு இருந்தாளே, அப்போது சுரினாம் மண்தின்னி மீன்கள் இருந்த தொட்டியில் ஓர் ஆண் மீனை மற்றவை கடித்துத் துடுப்பெல்லாம் கிழித்துவிட்டன. பராகுவே மீன்களின் தொட்டியில் விட்டால் குளிரில் விறைத்துப்போகும், பிசாசு மண்தின்னிகளோ தண்ணீர் கொஞ்சம் மாறினாலே சாகப் பார்க்கிற சீமாட்டிகள், ஆகவே அந்த அகதியை மிச்சமிருந்த செந்தலை மண்தின்னிகளோடு விட்டேன். நாள் முழுக்க மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகத் துப்புகிற ஜந்துவுக்கு வேறு எண்ணம் வரும் என்று யார் கண்டது. அம்மா வருவதற்கு இரண்டு நாள் முன்பு பழைய இடத்திலேயே கொண்டுபோய் விட்டேன். அவள் பெட்டியைக்கூட இறக்காமல் தொட்டியைப் பார்த்தாள், ஒரு செந்தலைப் பெண்ணின் வாய் நிறையக் குஞ்சு; இந்த மீன்களில் தாயும் தகப்பனும் மாறி மாறிக் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துத்தானே காக்கும். மூன்று வருடமாக அதற்காகக் காத்திருந்தவள் கோட்டோடு நின்று அழுதாள். அழுகிறவளிடம் அதையும் இதையும் சொல்வானேன் என்று சும்மா இருந்துவிட்டேன். அவற்றை அவள் வளர்த்து, அசல் தபஜோஸ் ஆற்றுச் செந்தலை என்று மீன் வளர்ப்போர் சங்கத்தில் முப்பத்தோரு பேருக்குக் கொடுத்தாள்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு காலை சங்கக் கூட்டத்துக்குக் குரோனிங்கனிலிருந்து மண்தின்னி மீன்களில் கரைகண்ட ஒருவர் வந்திருந்தார். அம்மா பெருமையோடு கொண்டுவந்த மீனைக் கண்ணாடிமேல் மூக்கு முட்டப் பார்த்துவிட்டு, "அம்மா, இது செந்தலை இல்லீங்க, பாதிக்குப் பாதி கலப்பு" என்றார். அம்மா நேரே தலைவர் ஹாபோவிடம் போனாள், தாய் மீன்களை அவளுக்குத் தந்தது அவர்தான். "ஏன்யா ஹாபோ, நாப்பது வருசப் பழக்கத்துல என் தலையிலயே கலப்படத்தக் கட்டிட்டியா? இனி எவன் என்கிட்ட மீன் வாங்குவான்?" என்று கேட்டாள். எழுபத்து நான்கு வயது மனிதர், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை, எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசை சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. "ஆம்பள மீனுகூட புள்ளைங்களக் காப்பாத்தத்தான் வாய மூடி வெச்சிருக்கு, நீ உன்னக் காப்பாத்திக்க மூடி வெச்சிருந்தியா?" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

நானே வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு மீன்களைத் திரும்பக் கேட்டேன். பன்னிரண்டு பேர் கொடுத்தார்கள், மற்றவர்கள் "கலப்போ கிலப்போ, எங்க வீட்டுப் புள்ளையாயிடுச்சு, குஞ்சு பொரிக்கவிடாம பாத்துக்கறோம், போ ஓனோ" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மா ஹாபோ வீட்டுக்குத் தானே போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள், என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்த மீன்களுக்காக உன் அறையில் ஐந்தாவதாக ஒரு புதுத் தொட்டி வைத்திருக்கிறேன், ஈஸ்டருக்கு வரும்போது உனக்குச் சோபாதான், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இன்று காலை அந்தத் தொட்டியில் அம்மா ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். மற்ற தொட்டிகளில் இருப்பது போலவே அழகான கையெழுத்து: "தாய்: செந்தலை. தகப்பன்: சுரினாம். கல்யாணத் தரகர்: ஓனோ." படித்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

யூலேக்குக் குளிரில் காது மூடித் தொப்பி போடு. மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, அவரையும் மறைக்கவிடாதே. மூன்று பேரும் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா ஓனோ