ஐந்தாம் பாரம்

பிப்ரவரி 4
பல்கலைக்கழக இலக்கியப் பத்திரிகைக்கு அறுபது வயதாம். அதன் வரலாற்றை எழுதுகிற பேராசிரியைப் பெண் வீடு தேடி வந்தாள். “உங்களுக்கு என்னென்ன ஞாபகம் இருக்கு பாட்டி?” என்ன ஞாபகம் இல்லை என்று கேட்டிருக்கலாம். பதினோரு வருஷம் அதை அடித்த அச்சகத்தில் இதழ் தைத்தவள் நான். பதினாறு பக்கம் ஒரு பாரம், ஏழு பாரம் ஓர் இதழ்.

ஐந்தாம் பாரம் இல்லாமல் வெளியான இதழையும் சொன்னேன். அச்சடித்ததைத் தூக்கிவந்து தருவது என் நாத்தனார் வேலை. “அஞ்சாவத விட்டுட்டுத் தைக்கச் சொன்னாரு ஆசிரியர்” என்றாள். தைத்தேன். அச்சக மேலாளர் விசாரித்தபோது, “நான் சொல்லவே இல்லையே” என்றார் ஆசிரியர். என் வேலை போயிற்று. அவள் தப்பித்தாள். முப்பத்தாறு வருஷமாகப் பேச்சில்லை. பொய்க்காரியோடு என்ன பேச்சு?

பிப்ரவரி 5
முழங்கால் வலி. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 19
அந்தப் பெண் மறுபடி வந்தாள். செத்துப்போன ஆசிரியரின் அலமாரியில் ஓர் உறை இருந்ததாம். உள்ளே ஐந்தாம் பாரம், ஒரே ஒரு பிரதி. துணைவேந்தர் தன் மருமகனை வேலையில் நுழைத்த கதை அதில். கூடவே ஆசிரியர் கையெழுத்தில் நாலு வரி. பயந்துபோய் நான்தான் விடச் சொன்னேன், பிறகு மறுத்துவிட்டேன் என்று.

அப்படியென்றால் அவள் சொன்னது நிஜம்.

எவ்வளவு பெரிய மனுஷன். வாய் கூசலையா அவருக்கு—

பிப்ரவரி 20
என் வீட்டுக்காரர் இறந்த அன்று, அவர் கூடப் பிறந்தவளை வாசலோடு நிறுத்தினேன். “அண்ணன் முகத்த மட்டும் பாத்துட்டுப் போயிடறேன் அண்ணி” என்றாள். கதவைச் சாத்தினேன். அதையும் ஆசிரியரா வந்து சாத்தினார்? நான்தானே.

பிப்ரவரி 21
அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, ஐந்தாம் பாரத்துக்கு நகல் ஒன்று கேட்டேன்.

மார்ச் 2
நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அந்தப் பாரத்தின் நகல் கையில். அவள்தான் கதவைத் திறந்தாள். “தப்பு என் மேலதான்” என்றேன்.

“அத உக்காந்து சொல்லு” என்றாள். அண்ணி என்று கூப்பிடவில்லை.

அந்தப் பழைய இதழ் அவளிடமும் இருந்தது. தையலைப் பிரித்தேன். ஒவ்வொரு பாரமாக எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாவதையும் சேர்த்து வைத்து, ஏழும் இருக்கிறதா என்று எண்ணினேன். பழக்கம்.

“இன்னும் நம்பிக்கை வரல போல” என்றாள்.

எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தைத்தேன்.

கிளம்பும்போது சொன்னாள்: “மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காத. வியாழக்கிழமை வா அண்ணி.”