கரடிக்குக் கேட்கும்படி

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். ஆபரேஷனுக்குப் பிறகு கண் தெளிவாகத் தெரிகிறதா? அப்பா கடலுக்குப் போகிறாரா? நான் நலம். சத்தியமாக நலம்.

வியாழக்கிழமை இங்கே மலையில் ஆலத்தூர் நாட்டு ஊர்களில் மருந்து கொடுத்துவிட்டு கான்வென்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழிகாட்ட வரும் கண்ணாயி அக்கா முன்னால் நடந்தார். திடீரென்று மூடுபனி இறங்கி, என் கையே எனக்குத் தெரியவில்லை. பலாமரத்தடியில் ஏதோ உறுமியது. நான் அப்படியே நின்று மனதுக்குள் ஜெபமாலை சொன்னேன்.

முன்னாலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது. "சத்தமாச் சொல்லுங்க சிஸ்டர். மனசுக்குள்ள சொன்னா சாமிக்குக் கேக்குமுங்க, கரடிக்குக் கேக்காதுங்க. ஆள் சத்தம் கேட்டாத்தான் அது ஒதுங்கும்."

பயத்தில் ஜெபமே மறந்துவிட்டது. எங்கள் சபையைத் தொடங்கிய புனித ஏஞ்சலா மெரிசியின் கதைதான் வாயில் வந்தது. புனித நாட்டுக்குப் போகும் வழியில் பார்வை போயும் அவர் திரும்பவில்லை, பயணத்தைத் தொடர்ந்தார் என்று கத்தினேன்.

"கண்ணு தெரியாமயேங்களா? அப்ப ஆருங்க கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க?"

எத்தனையோ முறை படித்த கதை. இதை மட்டும் நான் யோசித்ததே இல்லை. அக்காவின் கை என்னைத் தேடி வந்தது. கான்வென்ட் வாசல்வரை விடவில்லை.

கரடியைக் கண்ணால் பார்க்கவில்லை, பயப்படாதீர்கள்.

ஒரு விசிலும் அப்பாவின் பழைய டார்ச்சும் அனுப்புங்கள். கண்ணாயி அக்கா தன் மகளின் பிரசவத்துக்குப் போகிறார். திங்கட்கிழமை முதல் நான் தனியாகத்தான் போக வேண்டும். செம்மேடு பஸ் வந்துவிட்டது, கடிதத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

வழியெல்லாம் உங்களோடுதான் சத்தமாகப் பேசிக்கொண்டு நடப்பேன். புரையேறினால் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள் அம்மா.

செல்சியா