பூமிதான் என்று இருந்துவிட்டேன்

அன்புள்ள பேத்தி சுகிர்தாவுக்கு,

ஏழாயிரம்பண்ணையிலிருந்து உன் அப்பத்தா எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே யாரும் சுகமில்லை. மூன்றாவது வரை படித்தவள் கையெழுத்து, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். விருதுநகர் சைஃபுல்லா மிளகாய் எடுக்க ஆந்திராப் பக்கம் லாரி கொண்டு போகிறான். ஹைதராபாத் வரை வந்து உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னான். போனில் சொல்லலாம்தான். உன் அப்பன் போனை என்னிடம் தர மாட்டேன் என்கிறான்.

அம்மாவுக்குக் கையில் லேசாகச் சுட்டிருக்கிறது, பரீட்சையை முடித்துவிட்டு வா என்று உன்னிடம் சொன்னானாம். பொய். முருகம்மாள் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தீக்காய வார்டில் கிடக்கிறாள். முகம் மட்டும்தான் தப்பியது.

போன திங்கள் காலையில் தரை ஆடியதே, அன்றைக்குத் தெருவே ரோட்டுக்கு ஓடி வந்து எந்தத் திசையில் புகை என்றுதான் பார்த்தது. நம் ஊரில் தரை ஆடினால் வேறென்ன நினைப்போம்? புகையே இல்லை. டிவியில் நிலநடுக்கம் என்றார்கள். "அட, பூமிதானா! நான் பட்டாசுக் கம்பெனின்னுல்லா பயந்தேன்" என்று பக்கத்து வீட்டுக் கற்பகம் கும்பிட்டுச் சிரித்தாள்.

அன்றைக்கு நீ போனில் சொன்னது ஒரு எழுத்துக் குறையாமல் நினைவிருக்கிறது. பூமி எந்த நாள், எந்த நேரம் ஆடும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த நாட்டுக்காரனாலும் முடியாது என்றாய். ஒரு தடவை ஆடினால் பின்னாலேயே சின்னதாக இன்னும் ஆடலாம், சுவரைவிட்டுத் தள்ளி நில்லுங்க, பயப்படாதீக அப்பத்தா என்றாய். பூமியைப் படிக்கிற பிள்ளை சொல்கிறாளே என்று தெரு முழுக்க நானே போய்ச் சொன்னேன்.

வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்கு அடுப்பு மேலிருந்த தட்டு கடகடவென்றது. நாற்பது வருஷமாக ரோட்டுக்கு முதல் ஆளாக ஓடுகிறவள் நான். அன்றைக்கு, "பின்னாலயும் வரும்னு எம் பேத்தி சொன்னால்ல, அதுதான்" என்று கற்பகத்தையும் கையைப் பிடித்து நிறுத்தினேன். சுவரைவிட்டுத் தள்ளி நின்றேன். பிறகு கீரை உருவ உட்கார்ந்துவிட்டேன். அரை மணி கழித்து எதிர்வீட்டு நசிமா ஓடி வந்து, "பெரியம்மா, முருகம்மா அக்கா கம்பெனிப் பக்கம் புகை" என்றாள். போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அதுவரை வேப்பமரத்தடியில் கிடந்தபடி, "எங்க அத்தை வந்துட்டாகளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

உன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் தாள் எடுத்தது வேறொன்றுக்கு.

பூமியை முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதை உன் அம்மா முன்கூட்டிச் சொன்னாள். புதன் சாயங்காலம், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம், கலந்த வெடிமருந்தை வைத்திருந்தால் பற்றிக்கொள்ளும், அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வை என்கிறான் போர்மேன் சங்கரலிங்கம், நாளைக்குப் போக மனசில்லை அத்தை என்றாள். உன் காதுகுத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தவள் அவள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அது அந்த நேரத்திலா என் நெஞ்சில் வந்து நிற்க வேண்டும்? "உடம்பு வணங்கலைன்னா அப்படிச் சொல்லு, மருந்து மேல எதுக்குப் பழியப் போடுதே" என்றேன். காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேன் ஏறிவிட்டாள்.

சங்கரலிங்கம் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்தான். வராந்தாவில் வீசினேன். ஆனால் அவள் வேன் ஏறியது அவன் சொல்லுக்கா, என் சொல்லுக்கா?

பிழைப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். முன்கூட்டி எதையும் சொல்ல முடியாது பாட்டி என்கிறாள், உன்னைப் போலவே. முருகம்மாள் கண் திறக்கும்போதெல்லாம் உன்னைத்தான் கேட்கிறாள். என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

பரீட்சை அடுத்த வருஷமும் வரும். கிளம்பி வா. என்னோடு பேச வேண்டாம். யார் செய்ததையும் நான் மறந்ததில்லை. நான் செய்ததை மட்டும் மறந்துவிடு என்று உன்னிடம் எந்த வாயால் கேட்பேன்? இருக்கன்குடி அம்மன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆறு மணிக்கு மேல் வார்டுக்குள் விட மாட்டார்கள். பகலிலேயே வந்துவிடு.

இப்படிக்கு,
முருகம்மாளின் மாமியார்
வெள்ளைத்தாய்