வெந்நீர் ஊற்றில் அம்மா

ஜார்ஜ்டவுன், பினாங்கு
17.3.1991

அன்பு மகள் அருந்ததிக்கு,

தண்ணீர்மலை முருகன் தயவில் இங்கே வீடு சுகமாக இருக்கிறது. இங்கிலாந்துக் குளிரில் உன் நெஞ்சுச்சளி இறங்கியதா என்பதை முதலில் எழுது.

உன் கடிதம் வந்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. நீ ஆராயும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரும் பாக்டீரியாதானே, அதற்கு ஏன் தனிக் கிளை என்று அங்கே பெரியவர்கள் சிரித்ததையும், ஆராய்ச்சியை விட்டுவிடலாமா என்று நீ யோசிப்பதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விநாசித்தம்பியின் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நீ விமானம் ஏறிய நாளிலிருந்து உன் பெயரையே எடுக்காதவள், அன்றும் தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுநாள், பக்கத்து வீட்டு சபூரா பாலிங் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறாளாம், கெரெத்தாவில் பின்சீட்டில் இடம் இருக்கிறதாம், நாமும் போவோம் என்றாள். முழங்கால் வலிக்குத்தான் என்று நினைத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறவில்லை. ஊற்றின் மேல் ஆவி வெள்ளையாக மிதந்தது, எதிரே ரப்பர் மரங்கள் நிற்கின்றனவா கரைந்துவிட்டனவா என்றே தெரியவில்லை. இலையும் மீனும், பார்ப்பதற்கு ஒரு கண்ணும் இல்லாத காலத்தில் பூமி இப்படித்தான் தன்பாட்டில் கொதித்துக் கிடந்திருக்குமோ என்று மெய்மறந்து நின்றேன். அம்மா காலை நனைக்கவில்லை. ஆவிக்குள் கையை நீட்டி, "ஏங்க, இந்தச் சூட்டுலயும் உயிர் இருக்கும்னா சொல்றா?" என்றாள். இதைவிடக் கொதிக்கிற நீரிலும், உப்பு நீரிலும், காற்றுப் புகாத சேற்றிலும் இருக்குமாம் என்றேன். உருவம் பாக்டீரியா மாதிரிதான், ஆனால் செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.வை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் பாக்டீரியாவும் நம்மைப் போன்ற உயிர்களும் போக மூன்றாவது கிளை, அதுவும் பாக்டீரியாவைவிட நமக்குக் கிட்டின சொந்தம் என்று நீ எழுதியதைப் புரிந்தவரை சொன்னேன். தண்ணீரைக் குனிந்து பார்த்து, "அப்ப சிரிச்சவங்க வெளியதான் பாத்திருக்காங்க. உள்ள பாத்தவ இவ. இவ ஏன்லா விடணும்?" என்றாள். திரும்பும்போது ஃபெரியில் காற்று முகத்தில் அடிக்க, அந்த ஊர்ல அவளுக்கு நல்ல சோறு கிடைக்குதா என்று அவளே கேட்டாள்.

ஆகவே விடாதே. சிரிப்பவர்களோடு சண்டைக்கும் போகாதே, செய்ததைத் திரும்பச் செய்து காட்டு. கழுத்தில் கம்பளி இல்லாமல் வெளியே இறங்காதே. முருகன் உன்னைக் கண்போல் காப்பான்.

அன்புள்ள அப்பா,
சி. விஸ்வலிங்கம்

அருந்ததி, அவ்வளவு சூட்டில் அதெல்லாம் வேகாமல் எப்படி இருக்கிறது? அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கே எழுது.
அம்மா