முந்தின நாளே எழுதிய செய்தி

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். தியாகதுருகத்திலிருந்து கல்லூரி வரை பஸ்ஸில் நின்றபடியே. செருப்பு வார் அறுந்தது. ஊக்கு போட்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியவை: ஊடகச் சட்டம் அசைன்மென்ட். துறை கேமராவுக்குச் சார்ஜ். வகுப்புத் தோழி பர்வீனிடம் குடை கேட்க. நாளைய செய்தி, இன்றே.

கடைசியாக எழுதியது எங்கள் இதழியல் துறையின் வழக்கம். வகுப்பில் பதினொரு பேர். விழாச் செய்தி எல்லாம் என் தலையில், கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். நாளை கல்வராயன் மலையில் கல்லூரி முகாம். சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய அதிகாரி. இனி சுருக்கமாக சி.வி.

துறைத் தலைவர் சொன்னார்: "மலையில டவர் கெடையாதும்மா. பேப்பர்காரங்களுக்கு நாலு மணிக்குள்ள போவணும். இன்னிக்கே எழுதிக் குடுத்துட்டின்னா நாளைக்கு நான் இங்கருந்தே அனுப்பிடுவேன். எல்லா விழாவும் ஒண்ணுதான்."

எழுதினேன். சி.வி. குத்துவிளக்கு ஏற்றினார், சிறப்புரை ஆற்றினார், மலைவாழ் மக்களிடம் மனுக்களைப் பெற்றுக்கொண்டார். காலையில்தான் இதே சார் 'கண்டதை மட்டும் எழுது' என்று போர்டில் எழுதிப் போட்டார். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எழுதி முடித்தேன்.

ஜூலை 9, புதன்

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். காலை வெயில், பதினொரு மணிக்குக் கொட்டு மழை. வளைவுகளில் பர்வீனுக்கு மூன்று தடவை வாந்தி. கேமராவை நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

சி.வி. வரவில்லை. ஒரு மணிக்கு ஜீப் டிரைவர் மட்டும் வந்தார். "மழ ஜாஸ்தியா கீது, ஐயா ஏறமாட்டேன்னுட்டாரு." சால்வையும் பழத்தட்டும் அவரோடு கீழே போயின. விளக்கை யாரும் ஏற்றவில்லை.

பந்தலில் ஒரு அம்மா, காலையிலிருந்து உட்காரவே இல்லை. பெயர் சின்னப்பொண்ணு. மகள் மல்லிகாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சாதிச் சான்றிதழ் மட்டும் இல்லை. 18-ம் தேதிக்குள் காட்டாவிட்டால் இடம் போய்விடும். மனு பாலித்தீன் கவரில், புடவைக்குள்.

என் கழுத்தில் அடையாள அட்டை, கையில் நோட்டு. நேராக என்னிடம் வந்தார்.

"பாப்பா, ஆபீசா நீ? இத்த ஐயா கையில குடுத்துடு."

"நான் படிக்கிற பொண்ணுங்க."

"கீழ போறவதான நீ. நான் ஒருக்கா எறங்கி வந்தா ஒருநா கூலி போவுது. குடுத்துடு."

வாங்கிக்கொண்டேன். கவர் சூடாக இருந்தது.

ஜூலை 10, வியாழன்

பேப்பரில் வந்துவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதியது. வராதவர் விளக்கேற்றியிருக்கிறார். நோட்டீஸ் போர்டில் ஒட்டி, கீழே சிவப்பு மையில் என் பெயர், 'வாழ்த்துகள்'.

சாரிடம் போனேன். அவர் வரவே இல்லை சார், மறுப்புச் செய்தி அனுப்புங்கள் என்றேன்.

"வந்திருந்தா அதத்தான செஞ்சிருப்பாரு. இதுல இன்னா பொய்யி?"

மூன்று வருடப் பாடமும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. மனுவைக் காட்டினேன். "வையி, ஐயா எனக்குத் தெரிஞ்சவருதான், நானே குடுத்துடறேன்." வைத்துவிட்டு வந்தேன். முட்டாள் நான்.

மத்தியானம் புளிச்சோறு.

ஜூலை 14, திங்கள்

அசைன்மென்ட் வைக்கப் போனேன். சார் மேஜையில் டீ டம்ளர், டம்ளருக்குக் கீழே அந்தப் பாலித்தீன் கவர். வியாழனிலிருந்து அங்கேயே. ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

சி.வி.யின் ஆபீஸ். கிளார்க் மனுவைப் புரட்டினார். "இது மல ஊரு ஆச்சே. அங்க மனுவெல்லாம் வாங்கியாச்சும்மா." ஃபைலைத் திறந்து காட்டினார். பேப்பர் கட்டிங். என் வாக்கியம், அடிக்கோடு போட்டு. "கேம்ப்ல வாங்கினது கேம்ப் ஃபைல்ல இருக்கும். ரெண்டாந்தடவ வாங்க முடியாது."

"அந்த ஃபைல் எங்கங்க?"

"ஐயாகிட்ட."

"ஐயா மலைக்கே வரலைங்க."

குரலைக் குறைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதா? போவலன்னு நான் எப்பிடிம்மா சொல்றது? பேப்பர்லயே போட்டுட்டாங்களே."

போட்டது நான். சின்னப்பொண்ணு கொடுத்த மனுவை என் எழுத்தே வாசலில் நிறுத்துகிறது. அங்கேயே வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி எழுதினேன்: 'மேற்படி செய்தியை நிகழ்ச்சிக்கு முந்தின நாளே எழுதியவள் நான். சிறப்பு விருந்தினர் வரவில்லை. யாரிடமும் மனு வாங்கவில்லை. இந்த மனுவை வாங்கியது நான்.' கையெழுத்து, தேதி, வகுப்பு.

கிளார்க் இரண்டு தடவை படித்தார். "இத்த எங்கியும் குடுக்காத. எடுத்துக்கினு போய்டு. மனுவுக்கு நான் சீல் போட்டுத் தரேன்."

சீல் விழுந்தது. ஒப்புகைச் சீட்டு கையில். கடிதம் என் பையில். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. ஒரு பொய்க்குப் பேப்பரில் இடம் இருக்கிறது. உண்மையைப் பைக்குள் வைத்துக்கொண்டால்தான் சீல். எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

ஜூலை 18, வெள்ளி

தூறல். செருப்பு தைத்தாயிற்று.

பத்து மணிக்கு மல்லிகா போன். புதனன்று இறங்கி வந்து என்னிடம் வாங்கிப்போன ஒப்புகைச் சீட்டைக் காட்டியதும், நர்சிங் கல்லூரியில் சான்றிதழுக்குப் பதினைந்து நாள் தவணை கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்களாம். பின்னால் அவள் அம்மா குரல்: "பேப்பர்ல வந்ததாலதான் கெடைச்சிதுன்னு சொல்லு, அந்தப் பாப்பாவுக்கு நல்லா எழுத வருது."

பன்னிரண்டு மணிக்குத் துறைத் தலைவர் கூப்பிட்டார். "நாளைக்கு மரம் நடற விழாம்மா. அதே ஐயாதான். நூறு கன்னு நட்டாருன்னு இன்னிக்கே எழுதிடு."

"நட்டதுக்கப்புறம் எண்ணிட்டு எழுதறேன் சார்."

"இன்டர்னல் மார்க்கு என் கையிலதான் இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"கேமராவ வச்சிட்டுப் போ."

வைத்தேன். அவர் மேஜையிலிருந்த டப்பாவில் நான்கு குண்டூசி எடுத்தேன். பையிலிருந்த கடிதத்தை நோட்டீஸ் போர்டில், கட்டிங்குக்குப் பக்கத்திலேயே குத்தினேன், மூலைக்கு ஒன்றாக. முதல் ஆளாக நின்று படித்தவள் பர்வீன். குனிந்து, மூன்றாவது வரியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். பிறகு கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.