எதிர்வீட்டு உதாரணம்

அன்பு மூத்தவளுக்கு,

தீர யோசித்து ஒரு பெரிய முடிவு எடுத்திருக்கிறேன். இனி என் வாரப் பத்தியில் ‘ஹிப்போகேம்பஸ்’ என்று எழுத மாட்டேன். ‘மூளையின் நினைவுப் பகுதி’ என்றே எழுதுவேன். பத்திரிகை ஆசிரியர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

மூளை அறிவியல் எல்லோருக்கும் புரிய, கட்டுரைக்கு ஒரு வீட்டு உதாரணம் வேண்டும் என்பது அவர் சட்டம். இந்த வாரத் தலைப்பு ‘மறதி இயல்பே, பயம் வேண்டாம்’. உதாரணம் உன் அம்மா. போன வாரம் எதிர்வீட்டுக்குள் நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம், “என் வீட்ல உங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்டாளே, அதுதான். தெருவே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

அச்சுக்கு முன் என் கட்டுரைகளைச் சரிபார்க்கும் நரம்பியல் டாக்டர் இன்று காலை போன் செய்தார்.

“வீடு மாறிப் போறது சகஜம் சார். எடுத்துச் சொன்னதும் அவங்களுக்குப் புரிஞ்சுதா?”

“எங்க டாக்டர்! நான் போய்க் கூப்பிட்டேன். ‘நடுவுல நீங்க யாரு?’ன்னு என்னையே கேட்டா.”

அவர் சிரிக்கவில்லை. “கட்டுரை இருக்கட்டும் சார். வெள்ளிக்கிழமை அவங்கள கூட்டிட்டு வாங்க, ஸ்கேன் எடுத்துடலாம்.”

பிறகு அவர் விளக்கிய எதுவும் எனக்குப் புதிதல்ல. எல்லாம் நானே எளிய தமிழில் எழுதியவை.

அம்மாவிடம் பல் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன். “ஆடுற பல்லு உங்களோடது. நான் எதுக்கு?” என்கிறாள்.

அவசரம் ஒன்றுமில்லை. இதைப் படித்ததும் கிடைக்கிற முதல் வண்டியில் வந்தால் போதும்.

பத்திரிகையில் என் பத்திக்குப் பதிலாக இந்த வாரம் மெத்தை விளம்பரம் வருகிறது.

அப்பா